அப்பாவின் கெண்டைக்கால் வலிக்குக் கருவி வாங்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 66 வயது. பல வருடங்களாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. சிகரெட்டை இரண்டு வருடம் முன்பு விட்டுவிட்டார். ஆறு மாதமாக, கொஞ்ச தூரம் நடந்தாலே வலது கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, நின்றால் சரியாகிவிடுகிறது என்கிறார். காலுக்கு ரத்தம் போவது குறைந்திருக்கிறது என்று மருத்துவர் சொன்னார். மாத்திரை கொடுத்து, நன்றாக நடக்கச் சொன்னார். இதற்கிடையில் அப்பாவின் நண்பர் காலில் கட்டிக்கொள்ளும் ஒரு கருவி வாங்கியிருக்கிறார். அரை மணி நேரம் மாட்டினால் கால் பஞ்சு போல ஆகிவிடுகிறதாம். அப்பாவும் அதையே கேட்கிறார். மருத்துவரிடம் கேட்டதற்கு, "அதெல்லாம் வேண்டாம், நடந்தால் போதும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அப்பாவுக்கு அதில் கோபம். நான் முன்பு வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட் வாட்சையும் சில வாரங்களில் கழற்றி வைத்துவிட்டார். யார் சொல்வதைக் கேட்பது, டாக்டர்?

பதில்: கருவியைப் பற்றி முடிவெடுக்கும் முன் ஓர் எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஏபிஐ என்று சொல்வோம். கணுக்காலில் இருக்கும் ரத்த அழுத்தத்தைக் கையில் இருக்கும் அழுத்தத்தால் வகுத்தால் வருவது அது. அப்பாவை மல்லாந்து படுக்க வைத்து, சில நிமிடம் ஓய்வு கொடுத்து, வழக்கமான பிரஷர் பட்டையை இரண்டு கைகளிலும் இரண்டு கணுக்கால்களிலும் மாற்றி மாற்றிக் கட்டுவார்கள். ஸ்டெதஸ்கோப்புக்குப் பதிலாக, பேனா மாதிரி ஒரு டாப்ளர் முனையை ஜெல் தடவி வைப்பார்கள். உஸ் உஸ் என்று ரத்தம் ஓடும் சத்தம் கேட்கும். பட்டையை இறுக்கும்போது சத்தம் நின்றுபோகும், தளர்த்தும்போது திரும்ப வரும். திரும்ப வரும் இடத்தில் காட்டும் அளவைக் குறித்துக்கொள்வார்கள். வலி கிடையாது, ஊசி கிடையாது, கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

1.0 முதல் 1.4 வரை இருந்தால் சாதாரணம். 0.9 அல்லது அதற்குக் கீழே என்றால் காலுக்குப் போகும் தமனியில் அடைப்பு இருக்கிறது என்று பொருள். 0.4-க்குக் கீழே போனால் நிலைமை மோசம். உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீண்ட நாள் சர்க்கரையில் கணுக்கால் தமனிகளில் சுண்ணாம்பு படிந்து குழாய் விறைத்துவிடும். எவ்வளவு இறுக்கினாலும் அமுங்காது. அப்போது எண் 1.4-க்கு மேலே போகும், சில நேரம் நல்ல எண் போலக்கூடத் தெரியும். அந்த மாதிரி சந்தேகம் வந்தால் கால் கட்டைவிரலில் குட்டிப் பட்டை கட்டி அளக்கச் சொல்லிக் கேளுங்கள். விரலில் வரும் விகிதம் 0.7-க்குக் கீழே இருந்தால் அடைப்பு உண்டு என்று எடுத்துக்கொள்வோம்.

இந்த எண்ணுக்கு நான் இவ்வளவு முக்கியத்துவம் கொடுப்பதற்குக் காரணம், உங்கள் அப்பாவின் நண்பர்தான். அவர் கால் பஞ்சு போல ஆனது பொய்யாக இருக்காது. ஆனால் அவருக்கு இருப்பது உங்கள் அப்பாவுக்கு இருக்கும் அதே பிரச்சினைதானா? சாயங்காலமானால் கால் வீங்கி, கனத்து, தூக்கி வைத்தால் சுகமாக இருக்கிறது என்றால் அது பெரும்பாலும் சிரையில் உள்ள கோளாறு. கீழே வந்த ரத்தம் மேலே ஏறாமல் தேங்குவது. அப்பாவுக்கோ ரத்தம் கீழே வருவதே தடைபடுகிறது. ஒரு வீட்டில் வடிகால் அடைத்திருக்கிறது, இன்னொரு வீட்டில் தண்ணீர் வரும் குழாயே அடைத்திருக்கிறது. இரண்டு வீட்டுக்கும் ஒரே சாமானை விற்கும் விளம்பரங்கள் எல்லாவற்றையும் "ரத்த ஓட்டக் குறைவு" என்ற ஒரே பெயரில் போட்டுவிடுகின்றன. எனக்கு இந்த விளம்பரங்கள்மீது உண்மையாகவே கோபம் உண்டு. சிரைக் கோளாறுக்கு அருமையாக வேலை செய்யும் அழுத்தக் காலுறை, தமனி மோசமாக அடைத்த காலில் இருக்கிற கொஞ்ச ரத்தத்தையும் தடுத்துவிடும். தோல் செத்துப் புண்ணாகும். ஏபிஐ 0.6-க்குக் கீழே, அல்லது கணுக்கால் அழுத்தம் 60-க்குக் கீழே இருக்கும் காலில் தொடர்ந்து இறுக்கிப் பிடிக்கும் எதையும் மாட்டக் கூடாது. அதனால்தான் முதலில் எண் வேண்டும் என்கிறேன்.

நடக்கும்போது வலித்து நின்றால் போவது எல்லாமே தமனிதான் என்றும் முடிவு கட்ட முடியாது. முதுகுத்தண்டில் நரம்பு நசுங்கினாலும் நடக்கும்போது கால் வலிக்கும். ஆனால் அவர்களுக்கு வெறுமனே நின்றால் போகாது, உட்கார வேண்டும், அல்லது முன்னால் குனிய வேண்டும். அப்பா நின்ற இடத்திலேயே நின்று, பத்து நிமிடத்துக்குள் வலி அடங்கிவிடுகிறதா என்று ஒருமுறை கூடவே நடந்து பாருங்கள்.

இனி கருவிகளுக்கு வருவோம். நீங்கள் எந்தக் கருவி என்று எழுதவில்லை. காற்று நிரம்பிக் காலைப் பிடித்து விடும் வகையா, லேசான மின்சாரம் கொடுத்துத் தசையைத் துடிக்க வைக்கும் வகையா?

காற்று நிரப்பும் பட்டைகளில் தமனி நோய்க்கென்றே செய்தவையும் உண்டு. அவை பாதத்தையும் கெண்டைக்காலையும் சட்டென்று அழுத்தி, சில நொடிகளில் விட்டுவிடும். அழுத்தும்போது சிரைகளில் இருக்கும் ரத்தம் மேலே தள்ளப்பட்டுவிடும். விட்டதும் சிரைகள் காலியாக இருப்பதால், தமனிக்கும் சிரைக்கும் நடுவில் அழுத்த வித்தியாசம் கூடி, புது ரத்தம் கொஞ்சம் வேகமாக இறங்கும். நல்ல யோசனைதான். ஆனால் தினமும் மணிக்கணக்கில் மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். பெரும்பாலும் அறுவை சிகிச்சையோ பலூன் சிகிச்சையோ செய்ய முடியாத, புண் ஆறாத கால்களுக்கு நிபுணரின் கண்காணிப்பில் இதை யோசிப்போம். கடையில் கிடைக்கும் மசாஜ் பூட்ஸ் இதே வேலையைச் செய்யும் என்று நம்ப வேண்டாம். அழுத்தம் வேறு, வேகம் வேறு. பலவற்றில் சூடும் சேர்த்துக் கொடுக்கிறார்கள், அது இன்னும் ஆபத்து.

மின்சார வகையில் சில, உள்ளங்கால் வைக்கும் தட்டு மாதிரி இருக்கும். சில, முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு முனையில் ஒட்டும் சின்னப் பட்டை. அந்த இடத்தில் தோலுக்கு அடியிலேயே ஒரு நரம்பு ஓடுகிறது. அதைத் தூண்டினால் பாதம் தானாகவே சின்னச் சின்னதாகத் துள்ளும். நடக்காமலே காலின் தசைகள் வேலை செய்கின்றன, ரத்தம் நகர்கிறது. கருவி ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் காலில் ரத்த ஓட்டம் கூடுவதை அளந்து காட்டியிருக்கிறார்கள், அது உண்மை. நிறுத்தினால் பழையபடி ஆகிவிடும் என்பதும் உண்மை. உங்கள் அப்பாவுக்கு வேண்டியது அதுவல்லவே. அவர் இன்னும் கொஞ்ச தூரம் நிற்காமல் நடக்க வேண்டும். கருவி மாட்டியவர்களின் நடைதூரம் கூடுகிறதா என்று பார்த்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, முடிவுகளும் ஒன்றுபோல இல்லை. இதனால்தான் மருத்துவர்கள் வாயைத் திறந்து "வாங்குங்கள்" என்று சொல்லத் தயங்குகிறோம்.

ஆனால் உங்கள் அப்பாவின் கோபம் எனக்கு நன்றாகப் புரிகிறது. என்னிடம் வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "நடங்கன்னு சொல்றீங்க, நடந்தா வலிக்குது. வலிச்சா நில்லுங்கறீங்க. அப்புறம் எப்படித்தான் நடக்கறது?" இதற்கு நாங்கள் ஒழுங்காகப் பதில் சொல்வதில்லை. "நன்றாக நடங்கள்" என்பது சிகிச்சையே இல்லை. மாத்திரைக்கு எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை என்று எழுதுகிறோம், நடைக்கு மட்டும் ஒன்றும் எழுதுவதில்லை. கருவியோடு வரும் கையேட்டிலோ எத்தனை நிமிடம், எந்த அளவு, ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று எல்லாம் இருக்கிறது. நோயாளி எதை நம்புவார்? மாட்டினால் ஏதோ நடப்பது தோலில் தெரிகிறது, தன் காலுக்குத் தானே ஏதோ செய்துகொள்கிறோம் என்ற நிம்மதி கிடைக்கிறது. அது சின்ன விஷயம் இல்லை. மருத்துவர் "இதற்கு ஆதாரம் இருக்கிறதா" என்று பார்க்கிறார், நோயாளி "இன்றைக்கு நான் என்ன செய்யலாம்" என்று கேட்கிறார். இரண்டாவது கேள்விக்கு மருத்துவர் விவரமாகப் பதில் சொல்லியிருந்தால் உங்கள் வீட்டில் இந்தச் சண்டையே வந்திருக்காது.

அந்த விவரத்தை நான் சொல்கிறேன். வாரத்தில் குறைந்தது மூன்று நாள். அப்பா சமதளத்தில், கொஞ்சம் வேகமாக நடக்கட்டும். மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்குள் வலி வரும் அளவுக்கு வேகம் இருக்க வேண்டும். வலி ஆரம்பித்தவுடன் நிற்க வேண்டாம். ஓரளவு நன்றாகவே வலிக்கும் வரை நடக்கட்டும். அப்புறம் நிற்கட்டும், உட்காரட்டும். வலி முழுதாகப் போனதும் மறுபடி நடக்கட்டும். இப்படி ஓய்வையும் சேர்த்து ஆரம்பத்தில் 30 நிமிடம், போகப் போக 45, 50 நிமிடம். குறைந்தது 12 வாரம். ஒருவருக்கு இருதயக் கோளாறும் இருந்தால் இதைத் தொடங்கும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அப்பாவின் வயதுக்கும் சர்க்கரைக்கும் ஓர் இசிஜி எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

வலிக்க வலிக்க நடந்தால் கால் கெட்டுப்போகும் என்று அப்பா பயப்படலாம். நடந்தால் வந்து நின்றால் போகும் இந்த வலி தசையை அழிப்பதில்லை. நடைப்பயிற்சி அடைப்பைக் கரைக்கிறது என்றும் சொல்ல மாட்டேன், அடைப்பு அப்படியேதான் இருக்கும். ஆனால் கிடைக்கிற ரத்தத்திலிருந்து ஆக்சிஜனை எடுத்துப் பயன்படுத்தும் திறமை தசைக்குக் கூடுகிறது, நுண்ணிய குழாய்கள் நன்றாக விரிகின்றன, நடக்கும் விதமே சிக்கனமாகிறது.

இந்த இடத்தில்தான் ஸ்மார்ட் வாட்ச் கதையும் வருகிறது. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரி மெக்டெர்மட் குழுவினர் இதே நோய் உள்ளவர்களை வைத்து வரிசையாகச் சில ஆய்வுகள் செய்தார்கள். 2013-இல் வெளியான ஆய்வில் நோயாளிகள் வாரம் ஒருமுறை குழுவாகக் கூடிப் பேசி, மற்ற நாட்களில் வீட்டுப் பக்கம் நடந்தார்கள். ஆறு மாதத்தில், ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரம் சராசரியாக 40 மீட்டருக்கு மேல் கூடியது. 2018-இல் வந்த ஆய்வில் 200 பேர். நடையைப் பதிவு செய்யும் கருவியை உடலில் அணியக் கொடுத்து, தொலைபேசியில் ஆலோசனையும் கொடுத்தார்கள். ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தால், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட இவர்கள் நடை ஒன்றும் கூடவில்லை. எல்லோருக்கும் ஏமாற்றம்தான். 2021-இல் வந்தது 305 பேரை வைத்துச் செய்த ஆய்வு. வலி வராமல் மெதுவாக நடந்தவர்கள், வலி வரும்படி நடந்தவர்கள், இரண்டும் செய்யாதவர்கள் என்று பிரித்தார்கள். ஒரு வருடம் கழித்து, வலி வரும்படி நடந்தவர்களுக்குத்தான் தூரம் கூடியது, சராசரியாக 30 மீட்டருக்கு மேல். மெதுவாக நடந்தவர்களுக்கும் ஒன்றும் செய்யாதவர்களுக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை.

அப்பா வாட்சைக் கழற்றி வைத்ததை நான் தப்பாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன். அது காட்டியது மொத்த அடிகளை. வீட்டுக்குள் மெல்ல நடந்து அடிகளைச் சேர்த்தாலும் வாட்ச் பாராட்டும், காலுக்கு அதில் பயன் குறைவு. அதைவிட, அந்த எண்ணைப் பார்த்து "நேற்றைக்கு எப்படி இருந்தது?" என்று கேட்க ஒருவரும் இல்லை. என்னிடம் வருகிறவர்களில் சிலருக்கு எண் உற்சாகம் கொடுக்கிறது. சிலருக்கு அது குறைந்துவிட்டதைப் பார்த்தாலே மனம் சோர்ந்துவிடுகிறது, நோய் முற்றிவிட்டதோ என்று பயம் வருகிறது. அதே வாட்சை வேறு மாதிரி பயன்படுத்துங்கள். ஒவ்வொரு நடையிலும் வலி எத்தனை மீட்டரில் ஆரம்பித்தது, எத்தனை மீட்டரில் நிற்க வேண்டியதாயிற்று, அடங்க எத்தனை நிமிடம் ஆனது என்ற மூன்றை மட்டும் ஒரு நோட்டில் எழுதட்டும். வாட்சில் காட்டும் ஆக்சிஜன் அளவு மணிக்கட்டில் எடுப்பது, அதற்கும் காலின் ரத்த ஓட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை, அதை விட்டுவிடுங்கள். வாரம் ஒருமுறை நீங்களே உட்கார்ந்து அந்த நோட்டை அவரோடு பாருங்கள். முடிந்தால் ஒரு நாளாவது கூட நடங்கள்.

அந்த நோட்டு மருத்துவருக்கும் உதவும். அணியும் கருவிகள் என்றாலே எங்களில் பலர் முகம் சுளிப்பதற்கு ஆதாரக் குறைவு மட்டும் காரணம் இல்லை. முப்பது நாள் வரைபடத்தைப் போனில் நீட்டினால், பத்து நிமிடச் சந்திப்பில் அதை யார் படிப்பது, அதில் ஏதாவது ஆபத்து அறிகுறி இருந்து கவனிக்காமல் விட்டால் யார் பொறுப்பு என்ற பயம் இருக்கிறது. "போன மாதம் 150 மீட்டரில் வலித்தது, இப்போது 220" என்று ஒரு வரி சொன்னால் எந்த மருத்துவரும் காது கொடுத்துக் கேட்பார்.

சரி, இவ்வளவுக்குப் பிறகும் அப்பாவுக்கு அந்தக் கருவி வேண்டுமென்றால்? மின்சார வகையாக இருந்து, அவர் காலுக்கு ஆபத்து இல்லை என்று மருத்துவர் பார்த்துச் சொன்னால், நான் தடுக்க மாட்டேன். ஒரு நிபந்தனை: நடந்து முடித்த பிறகு அதை மாட்டட்டும், நடைக்குப் பதிலாக அல்ல. "இன்றைக்குக் கருவி போட்டாயிற்று, நடக்க வேண்டாம்" என்று ஆகிவிட்டால் அன்றே அது தீங்கு செய்ய ஆரம்பித்துவிட்டது. திருப்பிக் கொடுக்க அவகாசம் தரும் இடத்தில் வாங்குங்கள். 12 வாரம் கழித்து நோட்டைப் பாருங்கள்.

ஆபத்து என்று நான் சொல்வது எதையெல்லாம் என்றால்: பேஸ்மேக்கர் போன்ற கருவி இருதயத்தில் இருந்தால் மருத்துவரின் அனுமதி இல்லாமல் மின்சாரம் எதையும் உடலில் ஒட்டக் கூடாது. காலின் சிரைக்குள் ரத்தம் உறைந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் அழுத்தும் பட்டை கூடாது. புண் இருக்கும் இடத்தின்மீது எதுவும் கட்டக் கூடாது. உங்கள் அப்பாவுக்கு இதையெல்லாம்விட முக்கியமானது, பாதத்தில் உணர்ச்சி எப்படி இருக்கிறது என்பது. நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்க்கும் சின்னச் சோதனை போதும். சர்க்கரையால் மரத்துப்போன காலில் பட்டை இறுக்குவதும் சுடுவதும் தெரியாது. அடுத்த நாள் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரியவரும். ரத்தம் குறைவான காலில் ஒரு கொப்புளம் ஆற மாதக்கணக்காகலாம். அதனால் கழற்றியவுடன் ஒட்டிய இடம், கணுக்கால், குதிகால், விரல் இடுக்கு எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். அவரால் குனிந்து தன் காலைத் தானே பார்க்க முடிகிறதா, பட்டையின் கொக்கியை விரலால் போட்டுக் கழற்ற முடிகிறதா என்பதையும் வாங்கும் முன்பே பாருங்கள். உதவிக்கு ஆள் இருந்தால்தான் மாட்ட முடியும் என்கிற கருவி பெரும்பாலும் அலமாரிக்குத்தான் போகிறது.

இன்னொன்று. கால் தமனியில் அடைப்பு வந்தவருக்கு இருதயத்திலும் மூளைக்குப் போகும் குழாய்களிலும் அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். மருத்துவர் கொடுத்த மாத்திரைகளில் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின் அல்லது குளோபிடோகிரெலும் இருக்கும். அவை மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுப்பதற்கானவை. கால் வலி குறையவில்லை என்று அப்பா அவற்றை நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிகரெட்டை விட்டது அவர் காலுக்குச் செய்த மிகப் பெரிய நன்மை. அதை யாராவது அவரிடம் சொல்லியிருக்கிறார்களா?

மருத்துவரிடம் அடுத்த முறை போகும்போது "வாங்கலாமா" என்று கேட்காதீர்கள். ஏபிஐ எவ்வளவு என்று கேளுங்கள். கருவியின் பெயரையும் கையேட்டையும் கொண்டுபோய், "இது அப்பா காலுக்குத் தீங்கு செய்யுமா?" என்று கேளுங்கள். கண்காணிப்போடு நடைப்பயிற்சி கொடுக்கும் இடம் இருந்தால் அனுப்பச் சொல்லுங்கள். இந்த மூன்றுக்கும் ஒரு வரியில் பதில் சொல்லித் தப்பிக்க முடியாது.

இரவில் படுத்தபின் பாதம் வலித்து, காலைத் தொங்கப் போட்டால் குறைகிறது என்று அப்பா சொன்னாலோ, விரலிலோ குதிகாலிலோ புண் வந்தாலோ, விரல் நிறம் கறுத்தாலோ, அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் அந்த வாரத்திலேயே ரத்தநாள மருத்துவரிடம் காட்டுங்கள். திடீரென்று ஒரு கால் மட்டும் சில்லிட்டு, வெளுத்து, மரத்து, தாங்க முடியாமல் வலித்தால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். சில மணி நேரத்துக்குள் அடைப்பை எடுத்தால்தான் கால் பிழைக்கும். அந்த நேரத்தில் கருவியை மாட்டிப் பார்க்கலாம், தைலம் தேய்த்துப் பார்க்கலாம் என்று ஒரு நிமிடம்கூடக் கழிக்க வேண்டாம்.